எழுத்து ஏறாத பிள்ளை

நாலு பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "நம்ம பையன் மகா சூடிகை. பேச்சில் அவனை ஜயிக்க முடியாது. ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மட்டும் தூக்கம் வந்துவிடுகிறது!" சொல்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சற்றுத் தூரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் மட்டும் சிரிப்பதில்லை.

அந்தப் பையனைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேச உத்தேசித்திருக்கிறேன். 'பையன்' என்று எழுதுவதால் பெண் குழந்தைகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லையென்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களுக்கும் உண்டு. படிப்பு வராத பையன் பெஞ்சியைத் தட்டுகிறான். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். உபாத்தியாயரின் கண்ணில் படுகிறான். பெண்ணோ கடைசி வரிசையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆகையால் அவளுடைய கஷ்டம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

பையனுக்கு வயது எட்டு இருக்கலாம்; மூன்றாம் வகுப்பு. கண்ணில் குறையில்லை, காதில் குறையில்லை. பாட்டி சொன்ன கதையை ஒரு சம்பவம் விடாமல் திருப்பிச் சொல்லுவான். கடைக்கு அனுப்பினால் பாக்கிச் சில்லறையை மனக்கணக்காகவே சரிபார்த்து வாங்கி வருவான். ஆனால் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் 'பட்டம்' என்று இருக்கும்; அவன் 'ப... ட...' என்று இழுத்து 'படம்' என்று முடிப்பான். முதல் வரியில் வியர்க்க விறுவிறுக்கக் கண்டுபிடித்த சொல், மூன்றாவது வரியில் மறுபடி எதிர்ப்பட்டால், முன்பின் அறியாத மனிதனைப் போல் அவனை விழித்துப் பார்க்கும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகம் செய்வான்; படத்தைப் பார்த்துப் பாடம் சொல்லுவான். எழுதச் சொன்னாலோ கேட்கவே வேண்டாம். புள்ளிகள் பறந்து போகும். குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும். ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டில் இதற்கு மூன்று பெயர்கள் தயாராக இருக்கின்றன: சோம்பல், கவனக் குறைவு, கொழுப்பு. 'மக்கு' என்ற நாலாவது பெயரை உறவினர்கள் சூட்டுகிறார்கள். "ஜாதகத்தில் புதன் சரியில்லை" என்று சொல்லி ஆறுதல் அடைகிறவர்களும் உண்டு. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியை நம்பிப் பிரம்பை எடுக்கிறவர்களும் இன்னும் மறைந்துவிடவில்லை. அடிபட்டதனால் மாடு ஏதேனும் படித்ததாக நான் கேள்விப்பட்டது கிடையாது.

உண்மை என்னவென்றால், இந்த நாலு பெயரும் பொருந்தாத ஒரு குறை இருக்கிறது. வைத்திய உலகம் அதை 'டிஸ்லெக்ஸியா' என்கிறது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருந்த ருடால்ப் பெர்லின் என்ற கண் வைத்தியர், 1887-ல் வெளியிட்ட ஒரு நூலில் இந்தப் பெயரை விளக்கினார். கிரேக்க மொழியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டிய சொல் அது. 'சொல்லில் கஷ்டம்' என்பது அதன் தாத்பரியம். பெர்லின் பார்த்தவர்கள் பெரியவர்கள். மூளையில் நோய் கண்டு, முன்பு இருந்த வாசிக்கும் சக்தியை இழந்துவிட்டவர்கள். நோய் நொடி ஒன்றும் இல்லாமல் பிறவியிலேயே இப்படி இருக்கக்கூடும் என்று எடுத்துக் காட்டியவர் இங்கிலாந்தில் ஸீபோர்டு என்னும் கடற்கரை ஊரில் இருந்த பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர். 1896-ம் வருஷம் நவம்பர் மாதம், 'பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல்' என்னும் பத்திரிகையில், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி அவர் எழுதினார்.

அந்தப் பெர்ஸி ஏழு வயது முதல் பள்ளிக்கூடத்திலும் தனி உபாத்தியாயர்களிடமும் படித்து வந்தவன். ஏழு வருஷப் படிப்புக்குப் பிறகும் மிகச் சிறிய சொற்களைத்தான் எழுத்துக் கூட்டிச் சொல்ல முடிந்தது. தன் சொந்தப் பெயரை எழுதச் சொன்னால், இரண்டு எழுத்துக்கள் இடம் மாறிப் 'பிரெஸி' ஆகிவிடும். ஆனால் பெரிய பெரிய எண்களைத் தயக்கமின்றி வாசித்தான்; கணக்கு அவனுக்குப் பிடித்த பாடம். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்துவதென்று ஏற்பட்டால் பள்ளிக்கூடத்திலேயே முதல் பையன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் அபிப்பிராயப்பட்டாராம். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு அந்த உபாத்தியாயருக்குத் தெரிந்தது, இன்று நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

பெர்லின் கண் வைத்தியர் என்று சொன்னேன். மார்கனுக்கு வழிகாட்டியாக இருந்த கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹின்ஷல்வுட்டும் கண் வைத்தியரே. வாசிக்க முடியாதவனை முதலில் கண் வைத்தியரிடந்தானே அழைத்துக்கொண்டு போவார்கள்? ஆகவே கோளாறு கண்ணைச் சேர்ந்தது என்ற எண்ணம் உலகத்தில் வேரூன்றிவிட்டது. "அவனுக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிகிறதாம்" என்று இன்றைக்கும் சொல்லுகிறார்கள். எழுதத் தொடங்கும் குழந்தைகள் எல்லோருமே சில எழுத்துக்களை வலது இடதாகத் திருப்பிப் போடுகிறவர்கள்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கோளாறு கண்ணில் இல்லையென்றால் பின் எங்கே? இதைத் தெரிந்துகொள்ள, பேச்சுக்கும் வாசிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்று யோசிக்க வேண்டும். பேச்சு மனிதனுக்கு இயற்கையாக வருவது. எந்தத் தாயாரும் குழந்தைக்குப் பெயர்ச்சொல் வினைச்சொல் என்று பாடம் நடத்திப் பேச்சுக் கற்பிப்பதில்லை. எழுத்தோ மனிதன் பின்னால் செய்துகொண்ட ஏற்பாடு. உலகத்தில் அது தோன்றி ஏறக்குறைய 5,000 வருஷந்தான் ஆகிறது. வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. குழந்தை வாசிக்கக் கற்கும்போது, பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஏற்பட்ட பகுதிகள் ஒன்றோடொன்று புதிதாகச் சிநேகம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலோருக்கு இது மூளையின் இடது பாகத்தில் நடக்கிறது. சிலருக்கு அந்தச் சிநேகம் எளிதில் உண்டாவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு அல்லது நாலு பேர்!

அநேகருக்குத் தடங்கல் ஏற்படுவது சப்தத்தில். காது நன்றாகக் கேட்பது வேறு. கேட்ட சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து மனத்தில் உணர்வது வேறு. அமெரிக்காவில் இஸபெல் லிபர்மன் என்ற அறிஞர் 1974-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். குழந்தைகளிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை தரம் மேஜையைத் தட்டச் சொன்னார்கள். நாலு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் சரியாகத் தட்டினார்கள். அசையை இன்னும் உடைத்து, அதிலுள்ள தனித்தனி ஒலிக்கு ஒரு தட்டாகத் தட்டச் சொன்னபோது ஒரு குழந்தையாலும் முடியவில்லை. நமக்குக் 'கா' என்பதில் 'க்' ஒன்று, 'ஆ' ஒன்று என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. வாசிக்கக் கற்றதனால்தான் தெரிகிறது. குழந்தையின் காதுக்கு அது உடையாத ஒரே கட்டி. மற்றக் குழந்தைகள் எழுத்தைப் பழகப் பழக அந்தக் கட்டியை உடைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நம் பையனுக்கு அது சுலபத்தில் உடைவதில்லை. ஒலியே தனியாகப் பிடிபடாதபோது, அந்த ஒலிக்கு இன்ன எழுத்து என்பது எப்படி மனத்தில் ஒட்டும்? நாம் நூறு தரம் சொல்லிக் கொடுத்தாலும் சுவரில்லாத இடத்தில் ஆணி அடிப்பது போலத்தான்.

எல்லோருக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு ஒலி பிடிபடுகிறது. ஆனால் எழுத்தைக் கண்டவுடன் அதன் பெயர் நாக்குக்கு வந்து சேர நேரமாகிறது. இரண்டும் சேர்ந்த பிள்ளைகளின் பாடுதான் மிகவும் கஷ்டம்.

இனி, இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பெரும்பாலும் குடும்பத்திலிருந்துதான் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கும் இருப்பதற்கு இடம் அதிகம். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், டிஸ்லெக்ஸியா உண்டென்று தாங்களே தெரிவித்த ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பரம்பரைக் கூறுகளை, அது இல்லாத பத்து லக்ஷம் பேருடைய கூறுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தக் குறையோடு சம்பந்தப்பட்ட 42 இடங்கள் அகப்பட்டன. ஒரே ஒரு வித்தில் விளைந்த வினை அல்ல என்பது இதனால் தெளிவு. ஒவ்வொன்றும் சிறு பங்கு. எல்லாம் கூடினால் கஷ்டம்.

இந்த இடத்தில் சில அப்பாமார்கள் பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்ளக்கூடும். "நீயும் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவன்தானேடா" என்று பாட்டியம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஸயன்ஸுக்கு மிகவும் உபயோகமான செய்தி அது. பையனை அடிக்கக் கை ஓங்குகிறவர் பல சமயம், தான் எந்தக் குறைக்காக அடிபட்டாரோ அதே குறைக்காகத்தான் அடிக்கிறார்.

குழந்தையை மடியில் வைத்துக் கதை சொல்லாததால் இது வருவதில்லை. வீட்டில் இரண்டு பாஷை பேசுவதால் வருவதில்லை. டெலிபோனைப் பார்ப்பதால் வருவதில்லை. அதனால் வேறு கெடுதல்கள் வரலாம், அது வேறு விஷயம். புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அதிபுத்திசாலிக்கும் இருக்கலாம், சாதாரண புத்தியுள்ளவனுக்கும் இருக்கலாம். நம்முடைய ஊர்களில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லோரும் இந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்ல. பசியோடு பள்ளிக்கூடம் வருகிறவன், இடம் விட்டு இடம் பிழைக்கப் போகும் குடும்பத்துப் பிள்ளை, கண்ணாடி தேவைப்பட்டும் போடாதவன், ஒழுங்காகக் கற்பிக்கப்படாதவன் - இவர்களும் தட்டுத் தடுமாறுகிறார்கள். ஆகையால் முதலில் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டியது. நல்ல போதனை கொஞ்ச காலம் கொடுத்தும் ஏறவில்லையென்றால் அப்போது மற்றதை யோசிக்க வேண்டியது.

நம் தமிழ் எழுத்து இந்தப் பையனுக்கு நண்பனா, விரோதியா? இரண்டும்தான். எழுத்துக்கள் 247 என்று கேட்டவுடன் பயந்துபோக வேண்டாம். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. மற்ற 216-ம் இவற்றின் கூட்டு. ஆனால் அந்தக் கூட்டில் சில சூக்ஷ்மங்கள் இருக்கின்றன. 'கெ' என்பதில் ககரத்துக்குப் பின் ஒலிக்க வேண்டிய எகரத்தின் அடையாளம் ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதிலோ இரண்டு பக்கமும் நின்று காவல் காக்கிறது. 'கௌ' என்பதில் பின்னால் வரும் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. 'கடல்' என்பதில் ககரம் ஒரு விதமாகவும், 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும், 'பகல்' என்பதில் மூன்றாம் விதமாகவும் ஒலிக்கிறது. லகர ளகர ழகரங்களைப் பற்றியும், இரண்டு ரகரம், மூன்று னகரம் பற்றியும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1978-ல் தமிழக அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை அமுல் செய்து 'லை', 'னை', 'றா' முதலியவற்றின் தனி உருவங்களை எடுத்துவிட்டது குழந்தைகளுக்கு எவ்வளவோ உபகாரம். பழைய உருவங்களின் அழகை நினைத்து வருந்துகிறவர்கள் கொஞ்சம் வருந்திக்கொள்ளட்டும்.

இத்தனை சூக்ஷ்மம் இருந்தும், தமிழ் எழுத்து அடிப்படையில் ஒழுங்கானது. எழுதியிருப்பதைக் கொண்டு எப்படிச் சொல்வதென்று கண்டுபிடித்துவிடலாம். இங்கிலீஷ் அப்படியல்ல. 'தோ', 'த்ரூ', 'காஃப்' என்ற மூன்று சொற்களும் ஒரே நாலு எழுத்துக்களில் முடிகின்றன; ஒலியோ ஒன்றுக்கொன்று உறவில்லை. 'கர்னல்' என்று உச்சரிக்கிறோமே, அந்தச் சொல்லில் 'ஆர்' என்ற எழுத்து மருந்துக்குக்கூடக் கிடையாது. 'எல்' மட்டும் இரண்டு! 2001-ல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய மூன்று தேசத்திலும் இந்தக் குறையுள்ளவர்களைச் சோதித்து ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வாசிக்கும்போது மூளையில் சுறுசுறுப்புக் குறைந்த இடம் மூவருக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் வாசிப்பில் இத்தாலியர் மற்றவர்களைவிடக் குறைவாகவே தவறினார்கள். அவர்களுடைய எழுத்து ஒழுங்கானது, அதுதான் காரணம்.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எழுத்து ஒழுங்கான பாஷைகளில் இந்தப் பிள்ளைகள் தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதே அதிகம். தமிழ் வகுப்பிலும் பையன் எப்படியோ எழுத்துக் கூட்டிச் சரியாகச் சொல்லிவிடுவான். உபாத்தியாயரும் திருப்தி அடைந்துவிடுவார். ஐந்தாம் ஆறாம் வகுப்பில் புத்தகம் தடித்து, சரித்திரமும் பூகோளமும் பக்கம் பக்கமாக வரும்போதுதான் குட்டு வெளிப்படும். மற்றவன் பத்து நிமிஷத்தில் முடிக்கும் பாடம் இவனுக்கு ஒரு மணி. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதற்சொல் மறந்துபோகும். அர்த்தம் எங்கே நிற்கும்? ஆகவே 'தப்பில்லாமல் வாசிக்கிறானா?' என்று மட்டும் பார்க்கக் கூடாது, 'சிரமமில்லாமல் வாசிக்கிறானா?' என்று பார்க்க வேண்டும்.

அதற்குள் வேறொரு சேதம் நடந்துவிடுகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். பத்து வயதுக்குள் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டுவிடுகிறான். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வருகிறது. பென்ஸில் தினம் காணாமல் போகிறது. வாசிக்கும் முறை தனக்கு வருவதற்கு இரண்டு பேர் முன்னதாகவே தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறான். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் தானே கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்துவிட்டால் அவமானம் கொஞ்சம் குறைகிறது என்று கண்டுபிடிக்கிறான். வாசிக்கும் கஷ்டத்தைப் பிற்பாடு ஓரளவு சரி செய்யலாம். இந்தத் தீர்ப்பை அழிப்பது அதைவிடக் கடினம். ஆகவே காத்திருந்து பார்ப்பதில் லாபமில்லை. ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலேயே உதவி தொடங்கினால் வேலை பாதி.

என்ன உதவி? மருந்து கிடையாது, தேவையுமில்லை. இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்ற இருவர் 1983-ல் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஒலிகளைப் பிரித்தறிவதில் பின்தங்கிய 65 குழந்தைகளைச் சில பிரிவுகளாக்கி, இரண்டு வருஷத்தில் நாற்பது தடவை தனித்தனியே பயிற்சி கொடுத்தார்கள். எந்தெந்தச் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குகின்றன, எவை ஒரே ஒலியில் முடிகின்றன என்பதே பயிற்சி. ஒலியை மட்டும் கற்றவர்களைக் காட்டிலும், ஒலியோடு பிளாஸ்டிக் எழுத்துக்களையும் கையில் எடுத்து வைத்துக் கற்றவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஒலியும் எழுத்தும் கைகோத்து வர வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ரகஸ்யம்.

அமெரிக்காவில் ஸாமுவேல் ஆர்ட்டன் என்ற வைத்தியர் 1925 முதல் இதைப் பற்றி எழுதினார். மூளையின் இரண்டு பாகங்களுக்குள் நடக்கும் போட்டியினால் எழுத்துக்கள் புரள்கின்றன என்பது அவருடைய கொள்கை. கொள்கை நிலைக்கவில்லை. ஆனால் அவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற அம்மையாரும் அமைத்த போதனா முறை நிலைத்தது: எழுத்தைப் பார்க்க வேண்டியது, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது, விரலால் அதன் வடிவத்தை வரைய வேண்டியது, எல்லாம் ஒரே சமயத்தில். இதைக் கேட்டவுடன் நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரவில்லையா? மணலைப் பரப்பி, 'ஆனா, ஆவன்னா' என்று உரக்கச் சொல்லி, விரல் தேய எழுதினார்களே! ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ஓர் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றபோது இந்த மணல் எழுத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் அதனுடன் சேர்த்து 1797-ல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்று சீமையில் அது பிரபலமாயிற்று.

இதைச் சொல்லிப் பழைய பள்ளிக்கூடத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட உத்தேசமில்லை. அங்கே மணலும் இருந்தது, பிரம்பும் இருந்தது. தவிர, ராகம் போட்டு ஒப்பிப்பதில் ஓர் ஏமாற்றமும் உண்டு. காது கூர்மையுள்ள நம் பையன் பாடம் முழுவதையும் நெட்டுருப் பண்ணி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டுகூட ஒப்பித்துவிடுவான்!

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியது அதிகமில்லை. ஆனால் தினந்தோறும் செய்ய வேண்டியது. புத்தகம் இல்லாமலே தொடங்கலாம். காய் நறுக்கும்போது, "மாங்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய் - இவற்றில் எது மற்ற இரண்டோடு சேராமல் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். 'கத்தரி'யைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். அது வந்த பிறகு, 'மா' என்பதிலிருந்து 'ம்' என்பதைத் தனியே பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு எழுத்து. அட்டவணை முழுவதையும் ஒரே நாளில் கொட்டாமல் நாலைந்து எழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப, ட, ம், ட் என்று அட்டைத் துண்டில் எழுதி, 'படம்' செய்யச் சொல்லுங்கள். புள்ளி வைத்த 'ட்' ஒன்றை நடுவில் நுழைத்தால் 'பட்டம்'. ஒரு காலைச் சேர்த்தால் 'பாடம்'. ஒரு புள்ளி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பையன் தன் கையால் கண்டுபிடிக்கட்டும். அது பழகும் வரையில் அடுத்த எழுத்துக்குப் போக அவசரப்பட வேண்டாம்.

வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு அவன் மட்டும். தினம் பதினைந்து இருபது நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வேண்டாம். தடுமாறினால் நாலைந்து விநாடி பொறுத்துப் பாருங்கள். பிறகு சொல்லைச் சொல்லிக்கொண்டே மேலே போங்கள். விருந்தாளிகள் எதிரில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். அக்காளோடு ஒப்பிட வேண்டாம். படம் வரைவதிலோ, பந்தாட்டத்திலோ அவன் கெட்டிக்காரன் என்றால், அதை நிறுத்தி அந்த நேரத்துக்கும் ட்யூஷன் வைக்கும் மகா பாபத்தைச் செய்யாதீர்கள். நாள் முழுவதும் தோற்றுவிட்டு வருகிற பிள்ளை ஜயிக்கும் இடம் அது ஒன்றுதான்.

கடைத்தெருவில் வேறு சரக்குகளும் விற்கிறார்கள். வர்ணக் கண்ணாடி போட்டால் எழுத்து நிலைத்து நிற்கும், கண்ணுக்குத் தேகப் பயிற்சி கொடுத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் 2009-ல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் இவற்றுக்கு ஆதாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு கோடியில், "ஐன்ஸ்டைனுக்கும் இது இருந்தது, உங்கள் பிள்ளையும் மேதாவிதான்" என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐன்ஸ்டைன் விஷயத்தில் தக்க சாட்சியம் கிடையாது. மேதாவிப் பட்டம் பையன் கேட்கவும் இல்லை. வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறான்.

பள்ளிக்கூடத்தின் பங்கு ஒன்றிருக்கிறது. ஹிந்தியில் 'தாரே ஜமீன் பர்' என்ற படம் 2007-ல் வந்து, பல வீடுகளில் பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சட்டமும் வந்தது. 2016-ல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் எண்ணிச் சொல்லும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. தகுந்த சான்று இருந்தால் பொதுப் பரீட்சைகளில் கூடுதல் நேரம், எழுதிக் கொடுக்க உதவியாளர் முதலிய சலுகைகள் கிடைக்கும். சென்னையில் மதராஸ் டிஸ்லெக்ஸியா சங்கத்தார் வெகு காலமாக இந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உபாத்தியாயர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். சோதனை செய்கிறவரிடம் போகும்போது, பிள்ளை படிக்கும் பாஷைகள் எல்லாவற்றிலும் அவனைச் சோதிக்கும்படி கேளுங்கள். இங்கிலீஷில் மட்டும் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

சலுகை கேட்பது கௌரவக் குறைச்சல் என்று தயங்குகிறவர்கள் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறவனை யாரும் மோசடிக்காரன் என்று சொல்லுவதில்லை. இவனுக்கு அரை மணி நேரம் அதிகம் கொடுப்பதும் அவ்வளவுதான்.

இன்னும் ஒரு காரியம் சொல்ல விட்டுப்போயிற்று. வாசிப்பு வரும் வரையில் பிள்ளையின் மனத்தைப் பட்டினி போட்டு வைக்கக் கூடாது. கண் வழியாகப் போகாதது காது வழியாகப் போகட்டும். முன்னெல்லாம் நம் வீடுகளில் பத்திரிகை வந்தவுடன் ஒருவர் தொடர்கதையை உரக்க வாசிப்பார். அடுப்பங்கரையிலிருந்தவர்கள்கூட வந்து கேட்பார்கள். அந்த வழக்கத்தை மறுபடி ஆரம்பியுங்கள். கதை, சரித்திரம், பிரயாணக் கட்டுரை, எதுவானாலும் சரி, அவன் வயதுக்கு ஏற்றதாக, அவனால் தானே வாசிக்க முடியாத அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். முடித்ததும் கேள்வி கேட்டு மதிப்பெண் போட வேண்டாம். "அடுத்த வாரம் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவன் சொல்லுவதைப் பொறுமையாய்க் கேளுங்கள். கதாசிரியருக்கே தோன்றாத யுக்தி சில சமயம் அதில் வரும்.